இந்த வாரம் பஸ்ஸில் பார்சல் இல்லை

தம்பி,

இந்த உறையைப் பிரித்ததும் மாத்திரையைத் தேடுவாய். உள்ளே இந்தக் காகிதங்கள் மட்டும்தான் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை காலையில் கூட்டுரோட்டில் நான் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புவதும், மத்தியானம் கிளாம்பாக்கத்தில் நீ வந்து வாங்கிக்கொள்வதுமாக நடந்து வந்த நம் இரண்டு பேருடைய ரகசிய வியாபாரம் போன வாரத்தோடு முடிந்தது. கோபப்படாதே. உன் கையில் இருக்கிற மாத்திரை அடுத்த வாரம் வரைக்கும் வரும், அதைப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்தியிருக்கிறேன். அதில் ஒரு வேளையைக்கூட விடாதே. ஏன் அனுப்பவில்லை என்பதைப் போனில் சொல்ல முடியவில்லை. இரண்டு தடவை போனை எடுத்தேன், உன் குரலைக் கேட்டதும் 'சாப்டியா' என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். எழுதினால் ஓடிப்போக முடியாது என்பதால் எழுதுகிறேன்.

ஆடி மாதத்தில் நீ போன் செய்தது நினைவிருக்கும். கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்துத்தான் கூப்பிட்டாய், அதுவும் எனக்குத் தெரியும். "நைனா, டாக்டரப் பாத்துட்டு வந்தன். மனச்சோர்வு இருக்குதாம். பதற்ற நோயின்னு அது ஒண்ணு தனியா இருக்குதாம். பிபியும் ஏறிக்கிது. தூக்கம் வர்றதுக்காகக் குடிக்கறதையும் அவரு ஒரு நோயாத்தான் எழுதறாரு. எல்லாம் காம்போ ஆஃபர்ல வந்துக்கிது" என்று சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். நீ குடிக்கிறாய் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும், ஆனாலும் சிரித்தேன். பிறகு நீ, "இனிமே அங்க போவல நைனா. கல்யாண நேரத்துல எவனாவது பாத்தா வம்பு. சீட்ட போட்டோ எடுத்து அனுப்பறன், நீயே கடையிலேர்ந்து குடுத்தனுப்பிடு. பேரு தெரியாத மாதிரி" என்றாய். கண்ணாடிச் சட்டம் போட்ட என் பார்மசிச் சான்றிதழுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு நான் சரி என்றேன். சீட்டு பழசாகப் பழசாக அதே சீட்டுக்கு மாத்திரை கொடுப்பது தப்பு என்று கடைக்கு வருகிறவர்களிடம் சத்தம் போடுகிற அதே ஆள்தான், உனக்கு மட்டும் அட்டையிலிருந்து மாத்திரையைப் பிரித்தெடுத்து, வெள்ளைக் கவரில் போட்டு, பசை தடவி ஒட்டினேன்.

'பேரு தெரியாத மாதிரி' என்ற அந்தச் சொல்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. அதை நீ எங்கேயும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. நம் வீட்டில்தான் கற்றுக்கொண்டாய், கற்றுக்கொடுத்தவன் நான்.

நீ பன்னிரண்டாவது படித்த வருஷம் உன் அம்மாவுக்கு ஆரம்பித்தது. என் கடையில் வயிற்றுக்கு ஒரு தட்டு, தலைவலிக்கு ஒரு தட்டு, நெஞ்சுக்கு ஒரு தட்டு என்று பிரித்து வைத்திருப்பேன் அல்லவா, மனுஷர்களையும் அப்படியேதான் பார்த்துப் பழகியிருந்தேன். வயிறு எரிகிறது என்றாள், வாயு மாத்திரை கொண்டு வந்தேன். தலை பாரமாக இருக்கிறது என்றாள், அதற்கு ஒன்று. காலில் வலுவில்லை என்றாள், அதற்கு டானிக். படபடவென்று அடித்துக்கொள்கிறது என்றபோது பழையபடி வாயுவுக்கே போனேன். பஜாரில் என்னைப் பாதி டாக்டர் என்று சொல்வார்கள், அந்தப் பெருமை வேறு. எல்லாம் ஒரே ஆளிடமிருந்து வருகிறதே, இந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

ஒரு விஷயம் சொன்னால் உனக்குச் சிரிப்பு வரும், எனக்கு இப்போது வருவதில்லை. உன் அம்மா இனாமாகக் கொடுக்கிற கறிவேப்பிலைக்குக்கூடப் பேரம் பேசுகிறவள். தள்ளுவண்டிக்காரர் நம் தெருவில் நுழைந்ததும் அவளுக்காகவே ஒரு விலையை ஏற்றி வைத்துக்கொண்டுதான் வருவார். அந்த வருஷம் அவள் பேரத்தை நிறுத்தினாள். அவர் என்ன போட்டாலும் வாங்கிக்கொண்டு, சொன்னதைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அழுகின தக்காளியைக்கூடத் திருப்பிக் கொடுக்கவில்லை. வண்டிக்காரருக்கே பொறுக்காமல் கடைக்கு வந்து, "அண்ணே, அண்ணிக்கு உடம்பு கிடம்பு சரியில்லியா? என்னாண்ட சண்டையே போட மாட்டேங்கறாங்க" என்று கேட்டார். "வயசாவுதுல்ல, பக்குவம் வந்துடுச்சி" என்று சொல்லி அனுப்பினேன். உண்மையாகவே சந்தோஷப்பட்டேன் தம்பி. வீடு அமைதியாக இருக்கிறது என்று நினைத்தேன்.

அப்புறம் தூக்கம் போயிற்று, சாப்பாடு போயிற்று. உன் அத்தை வந்து பார்த்துவிட்டு, "ஏதோ அண்டிக்கிச்சிடா, அமாவாசைக்கு மலையனூர் கூட்டிக்கினு போ" என்றாள். போனோம். அங்கே சில பெண்கள் அம்மன் சன்னதி முன்னால் தலைவிரித்து ஆடுவார்கள், நீயும் பார்த்திருக்கிறாய். உன் அம்மா கற்பூரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்தில் நின்றாள். அத்தை அவளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆடலியே. அப்ப இவளுக்கு ஒண்ணுமில்ல, சும்மா இட்டுக்கட்டறா" என்று தீர்ப்புச் சொன்னாள். ஆடினால் நோய், ஆடாவிட்டால் நடிப்பு. அதை நான் ஏற்றுக்கொண்டேன். பெரிய பாரம் இறங்கினாற்போலக்கூட இருந்தது. தன்னைப் பற்றி வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்ல முடியாதவளுக்கு எழுந்து ஆடத் தெம்பு எங்கிருந்து வரும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து கொஞ்சம் கண்ணசந்தாள். சரியாகிவிட்டது என்று நினைத்து மறுநாள் கடைக்குப் போய்விட்டேன்.

அவள் குளிக்கவும் எழுந்திருக்காமல் படுத்த பிறகுதான் டாக்டரிடம் கூட்டிப் போனேன். திண்டிவனம் வேண்டாம், விழுப்புரம் வேண்டாம், எல்லா ஊரிலும் சொந்தக்காரன் இருக்கிறான் என்று பாண்டிக்குப் போனோம். கடைக்குச் சரக்கு எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனோம். அந்த அம்மா, டாக்டரைத்தான் சொல்கிறேன், பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவளை வெளியே உட்காரச் சொன்ன பிறகு என்னிடம், மனச்சோர்வும் பதற்றமும் அவளிடம் சேர்ந்தே இருக்கின்றன, இரண்டையும் சேர்த்தேதான் பார்க்க வேண்டும், உடம்பையும் கவனிக்க வேண்டும் என்றார். மாத்திரை எழுதினார். வீட்டுக்கு வந்து நான் செய்த காரியம், மருந்துக்கடைக்காரனால் மட்டுமே செய்ய முடிகிற காரியம். அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுத்து, காலியாக இருந்த ஆரஞ்சு நிறச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டு, "டாக்டரு சத்து மாத்திரை எழுதிக் குட்த்துருக்காங்க, தெனம் ஒண்ணு போட்டுக்க" என்று அவளிடமே சொன்னேன். வருகிறவர்கள் கண்ணில் படக் கூடாது என்பது ஒரு காரணம். என் பெண்டாட்டிக்கு மனநோய் என்பது அவளுக்குக்கூடத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேனே, அதுதான் பெரிய காரணம். உன்னைக் கூப்பிட்டு, "யாரு கேட்டாலும் அம்மாவுக்கு சுகர்னு சொல்லு" என்றேன். அப்போது அவளுக்குச் சுகர் கிடையாது. நீ வாத்தியாரிடம் சொன்னாய், மாமாவிடம் சொன்னாய், முகம் மாறாமல் சொன்னாய். கெட்டிக்காரன் என்று உன் முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

மாத்திரை வேலை செய்வதும் நிற்பதுமாக இருந்தது. பாண்டி டாக்டருக்கே புரியவில்லை, அளவைக் கூட்டினார். உன் அம்மா எடை போட்டாள். நடக்க மாட்டாள், வெளியே வர மாட்டாள், பசிக்கும்போது கையில் கிடைத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வாள். நிஜமாகவே சுகர் வந்தது. இந்த மாத்திரையால்தான் எல்லாம் என்று பாதி டாக்டர் முடிவு கட்டினேன். யாரையும் கேட்காமல் டப்பாவில் வேறு மாத்திரையை, அசல் சத்து மாத்திரையையே போட்டு வைத்தேன். அவள் மறுபடி விழுந்தது உனக்குத் தெரியும். காலேஜ் சேர்ந்த புதிதில் நீ லீவு போட்டுவிட்டு வந்து அவளுக்குச் சாதம் ஊட்டினாய். ஏன் இப்படி ஆயிற்று என்று நீ கேட்டபோது, "பனி காலம்" என்று சொன்னேன். அதற்கு மேல் எனக்குப் பொய்யும் கிடைக்கவில்லை.

பிறகு மருந்தைத் திரும்பத் தொடங்கினோம். அதற்குள் எனக்குப் புத்தி வந்துவிட்டதாக ஓர் எண்ணம். படபடப்பு என்றால் மனசு, மூச்சு முட்டுகிறது என்றால் மனசு, எல்லாமே மனசு என்று இப்போது மறுபக்கம் சாய்ந்தேன். இனி எழுதப்போவதை உன்னிடம் நான் முழுதாகச் சொன்னதில்லை. அன்று திங்கட்கிழமை காலை. நான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். அவள் சமையல்கட்டு வாசலைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, நெஞ்ச அடைக்குது. இடது கையி இழுக்குது. எப்பவும் வர்ற மாதிரி இல்லீங்க" என்றாள். கவனி, எப்பவும் வருகிற மாதிரி இல்லை என்று அவள் வாயாலேயே சொன்னாள். நான், "உனக்கு அதுதாம்மே. மூச்ச இழுத்து மெதுவா உடு, சரியாப் பூடும்" என்று சொல்லி, படபடப்பு மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கடை திறக்கப் போனேன். நெஞ்சுவலி, இடது கை என்று வேறு யாராவது வந்து கடை வாசலில் நின்று சொல்லியிருந்தால் ஆட்டோவை நானே கூப்பிட்டு ஏற்றியிருப்பேன். என் வீட்டில் சொன்னபோது காதில் ஏறவில்லை. அவளுக்கு மனநோய் இருந்ததால் அவளுக்கு மாரடைப்பே வராது என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது.

எதிர்வீட்டு டெய்லர் நர்கீஸ் ரவிக்கை கொடுக்க வந்திருக்கிறாள். அவள்தான் போன் செய்தாள். "அண்ணே, அண்ணி வேர்த்து நனைஞ்சி போயி சுவத்துல சாஞ்சிக்கினு இருக்காங்க. ஆட்டோ புடிச்சிட்டன். நீ கடையப் பூட்டிக்கினு மெதுவா வா." அந்த 'மெதுவா'வில் இருந்த கோபம் எனக்கு வேண்டியதுதான். ஆஸ்பத்திரியில் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று டாக்டர் கேட்டார். உன் அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே, "சத்து மாத்திரை, சுகர் மாத்திரை" என்றாள். வேறு வழியில்லாமல் அவள் முன்னால் நான் உண்மைப் பெயர்களைச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. ஆபத்து நீங்கி வார்டுக்கு வந்த பிறகு ஒன்று சொன்னாள். "சத்து மாத்திரைன்னு சொல்லிட்டிங்களே. ஒடம்பு தெம்பா இருந்த அன்னிக்கெல்லாம் நான் அத உட்டுட்டனே." மருந்து ஏன் நின்று நின்று வேலை செய்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆஸ்பத்திரி கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அந்த ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னதில் எனக்குப் புரிந்ததை உனக்குச் சொல்கிறேன், இப்போது நீ கேட்க வேண்டியது இதுதான். மனசு சோர்ந்தவனுக்குத் தூக்கம் கெடுகிறது. தூக்கம் இல்லாதவனுக்குப் பயம் கூடுகிறது. பயத்தை அடக்கக் குடிக்கிறான், இல்லை சிகரெட் பிடிக்கிறான், இல்லை உன் அம்மாவைப் போல அசையாமல் படுத்துக்கிடக்கிறான். பிபியும் சுகரும் ஏறுகின்றன, இருதயம் சுமக்கிறது. உடம்பு கெட்டதும் மனசு இன்னும் கீழே இறங்குகிறது. இதில் எது முதலில் வந்தது என்று பார்த்து ஒன்றுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் மற்றது சும்மா இருப்பதில்லை. நான் முதலில் அவள் மனசை வயிறு என்றேன், பிறகு அவள் நெஞ்சை மனசு என்றேன். இரண்டு தடவையும் அவள் சொன்னதைக் கேட்கவில்லை என்பதுதான் நடந்தது. மாத்திரைகளிலும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றை வைக்கும்போது பார்த்து வைக்க வேண்டியிருக்கிறது, குடியோடு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இதையெல்லாம் உன்னை நேரில் பார்த்து, பிபி பார்த்து, ரத்தம் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். பஸ் டிரைவர் கையில் போகிற ஒரு வெள்ளைக் கவரால் அது முடியாது. அப்படியிருந்தும் தெரிந்தே அனுப்பினேன். நீ கேட்டாய் என்று அனுப்பினேன் என்பது பாதி உண்மை. கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயந்து அனுப்பினேன் என்பது மீதி.

சௌமியா விஷயத்தையும் பேசிவிடுகிறேன். அவலூர்பேட்டையில் நிச்சயதார்த்தம் முடிந்து, சாப்பாட்டுப் பந்தல் ஓரத்தில் கை கழுவிக்கொண்டே நீ கேட்டாய். "அந்தப் பொண்ணாண்ட சொல்லிடவா நைனா?" உன் முகத்தில் சொல்ல வேண்டும் என்ற ஆசை இருந்தது. நான், "தாலி ஏறட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்றேன். உன் மாமனாராக வரப்போகிறவர் மண்டி வைத்திருப்பவர், ஒரு மூட்டையைப் பிரித்துக் காட்டாமல் விற்றால் அவர் நம்மை என்ன நினைப்பார் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். உன் வாயால் அவளிடம் நீ சொல். அவளுக்கு யோசிக்க நேரம் கொடு. நான் முந்திக்கொண்டு போய் யாரிடமும் சொல்ல மாட்டேன், அது உன் உடம்பு, உன் சொல். நீ சொல்கிற அன்று பக்கத்தில் நிற்கச் சொன்னால் நிற்கிறேன். அவர்கள் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லக் கூடும். சொன்னால் எனக்கு வலிக்கும், பஜாரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். ஆனால் உன்னைச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டு இன்னொரு வீட்டுக்கு அனுப்ப என்னால் முடியாது. அந்தப் பெண் ஒரு நாள் காலையில் சமையல்கட்டு வாசலில் நின்று நீ நெஞ்சைப் பிடிப்பதைப் பார்க்க நேர்ந்தால், அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். மனசு என்று சொல்லி விட்டுவிடவும் கூடாது, வாயு என்று சொல்லி விட்டுவிடவும் கூடாது. நீயும் உனக்கே அப்படிச் சொல்லிக்கொள்ளாதே.

இதுவரை எழுதியதை உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவளைப் பற்றி அவளுக்குத் தெரியாமல் எழுதுவது இனி இல்லை. நடுவில் 'பாவம் உன் அம்மா' என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தேன். "அத அடிச்சிடுங்க. நான் இன்னா பாவமா?" என்றாள். அடித்துவிட்டேன். தள்ளுவண்டிக்காரரைப் பற்றிய இடத்தில் சிரித்தாள். மலையனூர் வந்த இடத்தில், "எனக்கு அன்னிக்கு ஆடணும்னுதான் இருந்துது. ஆடிட்டா நீங்க நம்புவீங்கன்னு நெனச்சன். காலு எழும்பல" என்றாள். இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாத விஷயம் இது.

இப்போது அவள் பரவாயில்லை. மருந்து ஒழுங்காகப் போகிறது, பெயர் தெரிகிற அட்டையோடு, அவளே பார்த்து எடுத்துக்கொள்கிறாள். இருதயம் பழையபடி ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். போன மாதம் உன் அத்தை பிள்ளைகள் வந்தபோது எல்லோரும் கோட்டைக்குப் போய் ராஜகிரி மலை ஏறினார்கள். ஒரு காலத்தில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே இருக்கிற பாலம் வரைக்கும் ஏறியவள், கீழே கல்யாண மகால் பக்கத்துப் புல்வெளியில் என்னோடு உட்கார்ந்துகொண்டாள். வேர்க்கடலைக்காரியிடம் பேரம் பேசினாள். அதைக் கேட்டுக்கொண்டிருக்க எனக்கு எவ்வளவு நன்றாக இருந்தது என்று உன்னிடம் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

நீ இதைப் படிக்கிற வெள்ளிக்கிழமைக்கு மறுநாள், சனிக்கிழமை, கடைக்கு விடுமுறை. இந்தக் கடிதம் வந்த அதே பஸ்ஸில் அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். நீ போய்ப் பார்ப்பதை நிறுத்திவிட்ட அந்த டாக்டரிடம் நேரம் வாங்கி வை. குடியைப் பற்றி நீ சொல்லும்போது நான் வெளியே போய் நிற்க வேண்டுமானால் நிற்கிறேன். உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை, அதனால் பயப்படாமல் வா. பார்சல் வாங்குகிற அதே இடத்தில் நில். பஸ் படி உயரம், உன் அம்மாவால் சட்டென்று இறங்க முடியாது, நீதான் கை கொடுக்க வேண்டும். அவள் மடியில் ஒரு பை இருக்கும், அதில் அவளுடைய பைலும் மாத்திரையும் இருக்கும். உன் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அவளே எடுத்து வைத்திருக்கிறாள்.

உன்னிடம் சொல்லச் சொல்லி அவள் ஒன்று சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "யாராவது இன்னா ஒடம்புக்குன்னு கேட்டா, எங்கம்மாவுக்கு இருக்கறதுதான் எனக்கும்னு சொல்லச் சொல்லுங்க. சுகர்னு சொல்ல வேணாம்."

நைனா